வேண்டாம் என்று சொல்லும் உரிமை: ரசிகர்களே உரிமையாளரான கிளப்புகள்

2019 ஆகஸ்ட் 27 அன்று, மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பெரி என்ற ஊரின் கிக் லேன் மைதானத்தில் உள்ளூர்க்காரர்கள் திரளாக வந்து துப்புரவு வேலையில் இறங்கினார்கள். இருக்கைகளைத் துடைத்தார்கள், படிக்கட்டுகளைப் பெருக்கினார்கள். கடனில் மூழ்கியிருந்த கிளப்பை வாங்க ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. அது கைகூடினால் உடனே ஆட்டம் நடத்தலாம் என்று நம்பினார்கள். பிற்பகலில் அந்த நிறுவனம் பின்வாங்கியது. இரவில், பெரி கால்பந்து கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிவிட்டோம் என்ற அறிவிப்பு வந்தது. 1885-இல் தொடங்கிய கிளப் அது. 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. நீக்கப்பட்ட 2019-ஆம் ஆண்டில்தான் ஒரு படி மேலே உயர்ந்திருந்தது. எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது.

துடைப்பம் எடுத்து வந்தவர்களில் பலருக்கு அப்பாவும் தாத்தாவும் அதே மைதானத்தில் ஆட்டம் பார்த்தவர்கள். ஆனால் கிளப்பின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கக்கூட அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஊரே ஒன்றைத் தன்னுடையது என்று நினைக்க, பத்திரம் வேறொருவர் பெயரில் இருப்பதுதான் உள்ளூர் விளையாட்டு கிளப்புகளின் அடிப்படைச் சிக்கல். அதைத் தீர்க்க, ரசிகர்களே சேர்ந்து கிளப்பை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முயற்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது, ஏன் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்களால் ஒரு கிளப்பை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது, முடியும். விற்கக் கூடாததை விற்க வரும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே இதில் கனமான கேள்வி. அந்த உரிமையை ஒரு கிளப் தனியாக நெடுநாள் காக்க முடியாது. லீக் முழுவதற்கும் பொது விதி வேண்டும், மைதானத்தின் பத்திரமும் ஊரார் கையில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்துக் கிளப்புகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கம்பெனிகளாகப் பதிவானவை. மைதானம் கட்டக் கடன் வாங்கியவர்கள், கிளப் நொடித்தால் தங்கள் வீடுவாசல் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. லாபம் பார்க்கும் எண்ணம் அதில் குறைவு. கால்பந்துச் சங்கமும் அதை லாபக் கடையாக விடவில்லை. பங்காதாயத்துக்கு உச்சவரம்பு வைத்தது. இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்றது. கிளப் கலைந்தால் மிஞ்சும் சொத்து பங்குதாரர் பைக்குப் போகாமல் வேறு விளையாட்டு அமைப்புகளுக்கோ அறப்பணிக்கோ போக வேண்டும் என்றது. பின்னாளில் 34-ஆம் விதி என்று அறியப்பட்ட இந்தக் கட்டுப்பாடு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1983-இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப்புக்கு மேலே ஒரு தாய்க் கம்பெனியை உருவாக்கி லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது. விதி கிளப்பைத்தான் கட்டுப்படுத்தியது, தாய்க் கம்பெனியை அல்ல. சங்கம் அதைத் தடுக்கவில்லை. மற்ற பெரிய கிளப்புகளும் அதே வழியில் போயின. 1992-இல் பிரீமியர் லீக் பிறந்து தொலைக்காட்சிப் பணம் கொட்டத் தொடங்கியபோது தடுப்புச் சுவர் ஏற்கெனவே இடிந்திருந்தது. ஒரு விதி இருந்தால் மட்டும் போதாது, அதைக் காக்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே 1992-இல், பணம் புரளும் உலகத்துக்கு வெகு தொலைவில், நார்தாம்ப்டன் டவுன் என்ற சிறு கிளப் கடனில் தத்தளித்தது. ரசிகர்கள் கூட்டம் போட்டுப் பணம் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார்கள். வாளியில் காசு போட்டுக் கிளப்பைக் காப்பாற்றுவது அங்கே பழைய வழக்கம்தான். காசு கொடுத்தால் நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும் என்று கேட்டதுதான் புதிது. பிரையன் லோமக்ஸ் என்பவர் ரசிகர்களின் வாக்கால் இயக்குநரானார். இங்கிலாந்து ரசிகர் சங்கங்களின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2000-இல் ‘சப்போர்ட்டர்ஸ் டைரக்ட்’ என்ற அமைப்பு அரசு ஆதரவோடு தொடங்கி, ஊர் ஊராக இப்படிச் சங்கம் அமைக்கச் சட்ட உதவி செய்தது.

சங்கத்தின் சட்ட வடிவம் நமக்குப் பழக்கமானதே. நம் ஊர்ப் பால் சொசைட்டியில் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குதான் என்பதுபோல, இங்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பவுண்டு போட்டவருக்கு ஆயிரம் வாக்கு கிடையாது. உபரியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது; சமூக நலனுக்கே செலவிட வேண்டும். இன்று இவை பெரும்பாலும் 2014-ஆம் ஆண்டின் கூட்டுறவு மற்றும் சமூக நலச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன.

இந்த இயக்கத்துக்கு முகம் கொடுத்த ஊர் விம்பிள்டன். டென்னிஸ் ஆடுகளத்துக்கு அருகேயே ஒரு கால்பந்து கிளப்பும் இருந்தது. 1977-இல்தான் லீக்குக்குள் வந்த அது, 1988-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது. 1991-இல் தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி, தெற்கு லண்டனில் இன்னொரு கிளப்பின் மைதானத்தில் குடியிருந்தது. பழைய மைதானம் சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நிலம் போனதும் கிளப்பை எங்கே வேண்டுமானாலும் தூக்கிச் செல்லலாம் என்ற நிலை வந்தது. அடுத்து வந்த உரிமையாளர்கள் அதை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்துக்கு மாற்ற அனுமதி கேட்டார்கள். 2002 மே 28 அன்று கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதித்தது. விம்பிள்டனிலேயே ரசிகர்கள் புதிய கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழு எழுதியது.

ரசிகர்கள் தொடங்கினார்கள். ஜூன் மாதம் விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் ஊரில் நடந்த முதல் நட்பு ஆட்டத்தில் 0-4 என்று தோற்றார்கள்; பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஒன்பதாம் அடுக்கில் இருந்த ஒரு வட்டார லீக்கில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் தன் வாழ்க்கையைத் தொடங்கியது. உரிமையாளர், ‘டான்ஸ் டிரஸ்ட்’ என்ற ரசிகர் சங்கம். 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை லீக்கில் தொடர்ந்து 78 ஆட்டங்களில் தோற்கவில்லை. 2011-இல், பிறந்த ஒன்பதே ஆண்டில், முதல் நான்கு அடுக்குகளைக் கொண்ட லீக்குக்குள் நுழைந்தது.

இந்த ஏற்றக் கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியம் 2019 டிசம்பரில் நடந்தது. பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தயம் நடந்த இடத்தில் புதிய மைதானம் எழுந்துகொண்டிருந்தது. கட்டி முடிக்கப் பல மில்லியன் பவுண்டு குறைந்தது. வெளியாருக்குப் பங்கு விற்கலாம் என்ற யோசனையை நிர்வாகம் முன்வைத்தது. தவறான நோக்கம் ஏதுமில்லை; வேலை நிற்கக் கூடாது என்ற கவலைதான். உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஆனால் வெறும் எதிர்ப்போடு நிற்காமல், சில உறுப்பினர்கள் சேர்ந்து கடன் பத்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். வாங்குபவரே எத்தனை ஆண்டு, எவ்வளவு வட்டி என்று தேர்ந்தெடுக்கலாம். வட்டியே வேண்டாம் என்றும் சொல்லலாம். சில வாரங்களில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2020 நவம்பர் 3 அன்று, கொரோனாவால் பார்வையாளர் யாருமில்லாத புதிய பிளவ் லேனில் முதல் ஆட்டம் நடந்தது. ரசிகர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னார்கள், அந்தச் சொல்லுக்கு உரிய விலையையும் அவர்களே கொடுத்தார்கள். விலை கொடுக்கத் தயாராக இல்லாத மறுப்பு இந்தத் துறையில் நிலைத்ததில்லை.

விம்பிள்டனின் கதை வீரகாவியம் என்றால், எக்ஸிட்டர் சிட்டியின் கதை அன்றாடக் குடும்பச் செலவுக் கணக்கு. தென்மேற்கு இங்கிலாந்தின் அந்த கிளப், 2002-03 பருவத்தில் பெரும் விளம்பரத்தோடு நடந்தது. கரண்டி வளைக்கும் வித்தைக்காரர் யூரி கெல்லர் நிர்வாகத்தில் இருந்தார். அவர் அழைத்து மைக்கேல் ஜாக்சனே மைதானத்துக்கு வந்து போனார். பருவம் முடிந்தபோது கிளப் லீக்கிலிருந்து இறங்கியது, கடன் மலைபோல் நின்றது, நிர்வாகத்தை நடத்திய இருவர் கைதானார்கள். பின்னாளில் மோசடி வணிகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பொறுப்பை ஏற்க யாரும் இல்லாத நிலையில் ரசிகர் சங்கம் சாவியை வாங்கிக்கொண்டது. உறுப்பினர்களே அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள், மைதானத்துக்குச் சாயம் பூசினார்கள்.

2005 ஜனவரி 8 அன்று, அப்போது ஐந்தாம் அடுக்கில் இருந்த எக்ஸிட்டர், எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்திலேயே 0-0 என்று நிறுத்தியது. மறு ஆட்டத்தில் தோற்றாலும், இரண்டு ஆட்டங்களின் டிக்கெட் வசூலிலும் தொலைக்காட்சிப் பணத்திலும் கிடைத்த பங்கு கடனின் பெரும்பகுதியை அடைக்க உதவியது. இதைக் காட்டி அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் பலருக்கும் வரும். வந்த பணத்தை நட்சத்திர ஆட்டக்காரருக்குக் கொட்டாமல் கடனுக்குக் கட்டியதுதான் சங்கத்தின் குணம். அதற்குப் பிறகு எக்ஸிட்டர் தன் பிழைப்பை இளையோர் பயிற்சிப் பள்ளியின்மேல் கட்டியது. மாட் கிரைம்ஸ், ஈதன் அம்பாடு, ஆலி வாட்கின்ஸ் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள். வாட்கின்ஸை 2017-இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது, மறுவிற்பனையில் ஒரு பங்கு தனக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தது. 2020-இல் அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது அந்தப் பங்கு வந்து சேர்ந்தது. கொரோனாவால் வாசல் அடைபட்டிருந்த காலத்தில் அந்தப் பணம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோற்ற கதைகளையும் மறைக்கக் கூடாது. ஸ்டாக்போர்ட் கவுண்டி 2005-இல் ரசிகர் சங்கத்தின் கைக்கு வந்தது. கிளப் வந்தது, மைதானம் வரவில்லை. அது முன்னாள் உரிமையாளரின் நிறுவனத்திடமே தங்கியது. 2009-இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 2013-க்குள் ஆறாம் அடுக்குக்குச் சரிந்தது. ரசிகர்களின் கையாலாகாத்தனம் என்று அப்போது பேசினார்கள். வீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்காரரிடம் கடனைக் கொடுத்துவிட்டுப் போனதுபோன்ற ஏற்பாட்டில் யார் நடத்தியிருந்தாலும் தடுமாறியிருப்பார்கள் என்பது என் கருத்து.

நாட்ஸ் கவுண்டியில் நடந்தது இதைவிட வலிக்கும். பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த ரசிகர் சங்கம், 2009-இல் ‘முன்டோ ஃபைனான்ஸ்’ என்ற நிறுவனத்திடம் கிளப்பை ஒப்படைக்கப் பெருவாரியாக வாக்களித்தது. மத்திய கிழக்கிலிருந்து பெரும் பணம் வருகிறது என்ற பேச்சு. இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்சன் வந்தார். சால் கேம்பல் வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். சொன்ன பணம் வரவில்லை. அந்த டிசம்பரிலேயே கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அடுத்த உரிமையாளர் வந்து பார்த்தபோது கடன் மட்டும் குவிந்திருந்தது. சங்கத்திடம் உரிமை இருந்தது. வருபவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று துருவிக் கேட்கும் திறன் இல்லை. சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழுவில் கை தூக்கும் பழக்கம் மட்டும் இருந்தால் இதுதான் நடக்கும்.

போர்ட்ஸ்மவுத்தும் ரெக்ஸமும் வேறு வகை. இரண்டிலும் ரசிகர் சங்கம் தோற்கவில்லை, ஜெயித்த பிறகு விற்றது. போர்ட்ஸ்மவுத் 2008-இல் எஃப்.ஏ. கோப்பை வென்று, 2010-இல் திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. 2012-இல் மறுபடியும் திவால். ஆளுக்கு 1,000 பவுண்டு பங்கு வாங்கி 2013-இல் ரசிகர்கள் அதை மீட்டார்கள். நான்கே ஆண்டில் கடனைத் தீர்த்து, நான்காம் அடுக்கின் பட்டத்தையும் வென்றார்கள். 2017-இல் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்கு 56.7 லட்சம் பவுண்டுக்கு விற்க, ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானோர் சம்மதித்தார்கள். வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் 2011-இல் ரசிகர் கைக்கு வந்தது. 2020 நவம்பரில் நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்எல்ஹென்னியும் கேட்டபோது வாக்களித்தவர்களில் 98.6 சதவீதம் சரி என்றார்கள். அதன் பிறகு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ரெக்ஸம் படியேறி இரண்டாம் அடுக்குக்கு வந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாம்பியன்ஷிப் என்னும் இரண்டாம் அடுக்கில் மொத்தச் சம்பளச் செலவு மொத்த வருமானத்தைத் தாண்டிய பருவங்கள் பல உண்டு. இடைவெளியை உரிமையாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தால் நிரப்புகிறார்கள். வரவுக்குள் செலவு செய்யும் ரசிகர் கிளப், ஆண்டுதோறும் நஷ்டத்தைத் தாங்கும் கோடீஸ்வரர்களோடு ஓட வேண்டியிருக்கிறது. தான் மட்டும் ஒழுங்காக இருந்து படிப்படியாகப் பின்தங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பினரிடம், அடுத்த வாக்கெடுப்பிலும் கொள்கையைப் பார் என்று கேட்பது கொஞ்சம் கொடுமை. ஆனாலும் ரெக்ஸத்தின் அந்த 98.6 சதவீதம் என்னை உறுத்துகிறது. ஒரு தலைமுறை வாக்களித்து விற்றதை அடுத்த தலைமுறை வாக்களித்துத் திரும்ப வாங்க முடியாது.

ஜெர்மனி இதற்குத் தந்த விடை, எல்லோருக்கும் ஒரே விதி. அங்கே 1998 வரை தொழில்முறைக் கால்பந்தில் கிளப்புகள் உறுப்பினர் சங்கங்களாகவே இருந்தன. கம்பெனி அமைக்க அந்த ஆண்டு அனுமதித்தபோது, வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ‘50+1’ என்று உலகம் அறிந்த விதி இது. பணக்காரர் பங்கு வாங்கலாம், தலையாட்ட வைக்க முடியாது. பாயர்ன் மியூனிக்கில்கூட அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் சேர்ந்து கால் பங்குதான் வைத்திருக்கின்றன; மீதி முக்கால் பங்கு சங்கத்துடையது.

இந்த விதிக்கு ஓட்டைகள் உண்டு. நெடுங்காலம் ஆதரித்த ஆலை என்ற காரணத்தால் லேவர்குசனும் வோல்ஃப்ஸ்பர்கும் விலக்குப் பெற்றவை. லைப்சிக் நகரில் ரெட் புல் நிறுவனம் உருவாக்கிய கிளப்பில், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுத்தில் விதி நிற்கிறது, உயிர் போய்விட்டது. போட்டி சுவைக்கவில்லை என்ற புகாரும் உண்மைதான். பாயர்ன் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு பட்டங்கள் வென்றது. அந்தத் தொடரை 2024-இல் அறுத்தது விலக்குப் பெற்ற லேவர்குசன். முழுக்க உறுப்பினர் சங்கமாகவே இருக்கும் ஷால்கே, 20 கோடி யூரோவைத் தாண்டிய கடனோடு 2021-இல் முதல் அடுக்கிலிருந்து விழுந்தது. உறுப்பினர் உரிமை சிக்கனத்தைத் தானாகக் கொண்டுவராது.

ஆனால் அந்த விதி தரும் பலம் என்ன என்பதை 2024 பிப்ரவரியில் பார்த்தோம். லீக்கின் ஊடக வருமானத்தில் 8 சதவீதத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, 100 கோடி யூரோ வரை பெற 2023 டிசம்பரில் கிளப்புகள் வாக்களித்தன. 36-இல் 24 வாக்கு தேவை. சரியாக 24 கிடைத்தது. அதில் ஒரு வாக்கு, தன் சங்கத்தின் கட்டளையை மீறிப் போடப்பட்டதோ என்ற சந்தேகம் எழுந்தது. வாரக்கணக்கில் நாடு முழுவதும் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் சாக்லேட் நாணயங்களையும் ஆடுகளத்தில் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கோஷம் எல்லா நாட்டு ரசிகர்களும் போடுவதுதான். இங்கே கோஷம் போட்டவர்கள் அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகிகளை மாற்றக் கூடியவர்கள் என்பதால் அது காதில் விழுந்தது.

உறுப்பினர் கிளப் என்ற பெயருக்கு மயங்கிவிடக் கூடாது என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஒசாசுனா நீங்கலான தொழில்முறைக் கிளப்புகளைக் கம்பெனியாக்கியது. தப்பிய நான்கில் இரண்டு, 2021 ஏப்ரலில் ஐரோப்பியக் கால்பந்தைப் பணக்காரர் வட்டமாக்கப் பார்த்த சூப்பர் லீக் திட்டத்தின் முன்னணியில் நின்றன. ரியல் மாட்ரிட்டில் தலைவர் தேர்தலில் நிற்க இருபது ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், கிளப்பின் வரவுசெலவில் 15 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதமும் காட்ட வேண்டும். வாக்கு எல்லோருக்கும் உண்டு, வேட்பாளராகும் வசதி ஒரு சிலருக்குத்தான்.

அமெரிக்காவின் கிரீன் பே பேக்கர்ஸை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தின் அணி, 1923 முதல் லாப நோக்கற்ற அமைப்பு, ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள், பங்காதாயம் கிடையாது. ஆனால் அதன் பின்னணியைச் சொல்லாமல் உதாரணம் காட்டுவது சரியல்ல. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் தேசியத் தொலைக்காட்சி வருமானம் 32 அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது, ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, கீழ் அடுக்குக்கு இறங்கும் பயம் இல்லை. இந்தப் பொது ஏற்பாட்டின் நிழலில்தான் சிறு நகரம் பிழைக்கிறது. அதே லீக், வேறு எந்த அணியும் இப்படி ஊர்ச் சொத்தாக இருக்க முடியாதபடி விதி வைத்திருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி கொல்கத்தாவில் உயிரோடு இருக்கிறது. 1889-இல் பிறந்த மோகன் பகானும் 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் உறுப்பினர்கள் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் சங்கங்கள். 1911-இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று மோகன் பகான் கேடயம் வாங்கியது சுதந்திரப் போராட்ட நினைவில் கலந்துவிட்ட சம்பவம். நகர உரிமங்களோடும் முதலீட்டாளர்களோடும் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது இந்தச் சங்கங்கள் உள்ளே நுழையக் கம்பெனிகளைத் தேட வேண்டியதாயிற்று. 2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு வேறொரு அணியோடு இணைந்தது. புதிய கம்பெனியில் 80 சதவீதம் முதலீட்டாளருக்கு, 20 சதவீதம் சங்கத்துக்கு. பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்ட மூன்று எழுத்துகளை நீக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் போராடினார்கள். 2023-இல் அவை நீங்கின, வேறொரு ஒட்டு பின்னால் வந்தது. ஈஸ்ட் பெங்காலில் 2021-இல் முதலீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட நிர்வாகம் மறுத்தது. உறுப்பினர் உரிமைகள் பறிபோகும் என்றது. அணி ஆடாமலே போய்விடுமோ என்று பயந்த ரசிகர்கள் கிளப் வாசலில் கூடினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உரிமையைக் காப்பதும் அணியைக் காப்பதும் எதிரெதிர்ப் பக்கங்களாக நிறுத்தப்பட்டது அந்த ரசிகர்களின் குற்றம் அல்ல. லீக்கை வடிவமைத்தவர்கள் உறுப்பினர் சங்கம் என்ற அமைப்பையே கணக்கில் எடுக்காததன் விளைவு.

மைதானத்துக்கு வருவோம். கிளப்புகளின் நூறாண்டு அனுபவத்தில் எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான கயிறு இதுதான். விம்பிள்டனை நாடு கடத்த முடிந்தது நிலம் போனதால். அர்ஜென்டினாவில் சான் லொரென்சோ கிளப் 1979-இல், ராணுவ ஆட்சியின் நெருக்கடியில், போயெடோ பகுதியிலிருந்த தன் மைதானத்தை இழந்தது. அங்கே ஒரு பேரங்காடி எழுந்தது. ரசிகர்கள் விடவில்லை. 2012-இல் புவெனஸ் ஐரிஸ் நகரச் சட்டமன்றம் நிலத்தைத் திருப்பித் தர வழிசெய்து சட்டம் இயற்றியது. சதுர மீட்டர் கணக்கில் ரசிகர்கள் பணம் கட்டினார்கள். 2019-இல் நிலம் மறுபடி கிளப்பிடம் வந்தது. ஹாம்பர்க் நகரின் சான்க்ட் பவுலி கிளப் 2024-இல் ஒரு கூட்டுறவு சங்கம் தொடங்கி, பங்கு ஒன்றை 850 யூரோவுக்கு விற்றது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 2.7 கோடி யூரோவுக்கு மேல் திரட்டினார்கள். மில்லர்ன்டோர் மைதானத்தின் பெரும்பான்மை உரிமை அந்தக் கூட்டுறவிடம் வந்தது. இங்கிலாந்தின் விக்கம் வாண்டரர்ஸ் ரசிகர்கள் 2020-இல் கிளப்பின் 75 சதவீதத்தை ஒரு முதலீட்டாளருக்கு விற்றபோது, ஆடம்ஸ் பார்க் மைதானத்தை மட்டும் தனி நிறுவனத்தில் தங்கள் சங்கத்திடமே வைத்துக்கொண்டார்கள். அணி போனாலும் வாசல் சாவி ஊராரிடம்.

‘சமூகம்’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும். சந்தா கட்டும் நான்காயிரம் பேரா, மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து ஆட்ட நாளில் நெரிசலைத் தாங்கும் தெருக்காரர்களா, டிக்கெட் வாங்க வழியில்லாத பிள்ளைகளா? 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை அமெரிக்கக் குடும்பம் வாங்கியதை எதிர்த்துப் பிறந்த எஃப்.சி. யுனைடெட், சமூகப் பங்குகள் மூலம் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி 2015-இல் சொந்த மைதானம் கட்டியது. அடுத்த ஆண்டே நிர்வாகம் வெளிப்படையாக இல்லை என்ற சண்டையில் பதவி விலகல்கள் வரிசையாக வந்தன. சம்பளமில்லாமல் இரவெல்லாம் உழைப்பவர்கள் சோர்ந்துபோவதும், சோர்வில் கேள்வி கேட்பவர்களை எதிரியாகப் பார்ப்பதும் தொண்டு அமைப்புகள் எல்லாவற்றிலும் நடப்பதே. இரண்டு மூன்று பேரின் உற்சாகத்தில் ஓடும் சங்கத்தை, சம்பளம் வாங்கும் திறமையான ஊழியர்களும் கண்காணிக்கும் உறுப்பினர்களும் உள்ள அமைப்பாக மாற்றுவதில்தான் எக்ஸிட்டர் போன்றவை தேறியிருக்கின்றன.

பெரி நீக்கமும் சூப்பர் லீக் கலகமும் சேர்ந்து பிரிட்டிஷ் அரசை அசைத்தன. 2021 நவம்பரில் டிரேசி கிரவுச் தலைமையில் வெளிவந்த ஆய்வறிக்கை, ஒவ்வொரு கிளப்பிலும் ரசிகர்களுக்கு ‘தங்கப் பங்கு’ ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. மைதானம், பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றில் கைவைத்தால் தடுக்கும் அதிகாரம் கொண்ட ஒற்றைப் பங்கு அது. 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம் முதல் ஐந்து அடுக்குக் கிளப்புகளுக்கும் உரிமம் கட்டாயமாக்கியது, சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தது. அதன் ஒப்புதலின்றி மைதானத்தை விற்க முடியாது. சின்னத்தையும் சீருடை நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும்.

இது பெரிய முன்னேற்றம், மனமார வரவேற்கிறேன். ஆனால் தங்கப் பங்கு சட்டத்தில் இடம்பெறவில்லை. மைதானத்தை விற்காதே என்று சொல்லும் அதிகாரம் ஆணையத்திடம் இருக்கிறது. ஆணையத்தை அமைப்பது அரசு, அரசுகள் மாறும். டாட்டன்ஹாம் காலத்தில் 34-ஆம் விதியைக் காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அதனால் இன்று ரசிகர் சங்கங்கள் உரிமையாளர்களோடு பேசும்போது கேட்க வேண்டியது நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலியை மட்டுமல்ல. தங்கப் பங்கைக் கிளப்பின் அமைப்பு விதியிலேயே எழுதச் சொல்ல வேண்டும். விற்கும் வாக்கெடுப்புக்கு முக்கால் பங்குப் பெரும்பான்மை, ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை என்று சங்கங்கள் தங்களையும் கட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கிளப் நல்ல நிலையில் இருக்கும்போதே, வாங்க யாரும் வாசலில் நிற்காதபோதே, மைதானத்தின் பத்திரத்தைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும்.